இலைக்குள் வந்த சாவகம்

சென்ற சனிக்கிழமை நண்பகலில் எமது பழைய மாணவர் ஒருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு எம்மைத் தேடி வந்தார். கையில் வாழையிலைப் பொதிகள் நான்கு. "அம்மா தந்தவ, சேர். உங்களுக்கெண்டு இறைச்சி போடாமல் செய்தவ" என்றார். அவருடைய தந்தையார் தமிழர். தாயார் பறங்கியர் குலத்தவர். பொதியின் பெயர் லம்ப்ரைஸ்.

கொழும்பில் பிறந்து நாற்பது ஆண்டு கடந்தும் நாம் அதனைச் சுவைத்ததில்லை. புலாலுணவென்று ஒதுக்கியே வந்தோம். மடிப்பை அவிழ்த்ததும் கறுவா, ஏலம், வதங்கிய வெங்காயம் ஆகியவற்றின் மணத்தோடு வாடிய இலையின் மணமும் எழுந்தது. "இது எங்கட பொதிச்சோறுதானே!" என்றார் எமது இல்லத்தரசியார்.

பார்வைக்கு அப்படித்தான். ஆனால் நமது பொதிசோறு வழிப்பயணத்துக்காகக் கட்டப்படுவது. கட்டியபின் அதற்கு அடுப்பில் வேலையில்லை. லம்ப்ரைஸோ கட்டியபின் மறுபடியும் சூடேறுவது. சம்பா அரிசியை இறைச்சிச் சாற்றில் வேகவைப்பர். அனலில் வாட்டிய இலையில் அச்சோற்றை இட்டு, அருகே பலவகை இறைச்சி சேர்ந்த கறி, கத்தரிக்காய்ப் பிரட்டல், வாழைக்காய், சீனிச் சம்பல், பிரிக்கடெல் எனும் இறைச்சியுருண்டை, உலர்ந்த இறாலை இடித்த பிளாச்சான் ஆகியவற்றை வைத்து மடித்துப் போறணையில் வைப்பர். ஆவி வெளியேற வழியின்றிச் சோற்றுக்குள்ளேயே அடங்கும். இலையை வாட்டாமல் மடித்தால் கிழியும். கிழிந்தால் சோறு வரண்டுவிடும். எமது பொதியில் இறைச்சிக்குப் பதிலாகப் பிஞ்சுப் பலாக்காய் இருந்தது. பிளாச்சானுக்குரிய மூலையோ வெறுமையாய்க் கிடந்தது. வேறெதை வைத்தாலும் அது பொய்யாகிவிடும் என்று அம்மையார் சொல்லியனுப்பியிருந்தார்.

ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி 1619ஆம் ஆண்டில் சாவகத்துப் பத்தாவியாவைத் தன் தலைமையிடமாக்கியது. அதுவே இன்றைய ஜக்கார்த்தா. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றி 1796வரை வைத்திருந்தது. இரு துறைகளுக்கும் இடையே உத்தியோகத்தரும் படைவீரரும் போய்வந்தனர். நாடுகடத்தப்பட்ட சாவக மன்னர் மூன்றாம் அமங்குராத்தும் 1708இல் இவ்வழியே இலங்கைக்கு வந்தார். அவர்களோடு அடுக்களையும் வராமலிருக்குமா? சாவகர் பசையரிசிச் சோற்றுக்குள் இறைச்சி வைத்து வாழையிலையில் சுற்றும் லெம்பர் என்னும் பண்டமே லம்ப்ரைஸுக்கு மூதாதை என்பர். பிரிக்கடெல் ஒல்லாந்துப் பெயர். பிளாச்சான் மலாய்ப் பெயர். கறுவாவோ இந்த மண்ணினது.

ஒல்லாந்தரை நாமும் அறியாமலே நாள்தோறும் நாவில் வைத்திருக்கிறோம். கந்தோருக்குப் போகிறோம், லாச்சியைத் திறக்கிறோம், போஞ்சிக்காய் வாங்குகிறோம். இம்மூன்றும் அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள். மாணவரின் வீட்டிற்கு அண்மையில், 1757இல் திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயம் நிற்கிறது. அப்பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். ஓநாயே இல்லாத நாட்டில் இப்பெயர்! போர்த்துக்கேயரின் குவாதலூப்பே என்ற பெயரை ஒல்லாந்தர் பிழைபடக் கொண்டதன் விளைவென்பர்.

கடைகளில் இன்று லம்ப்ரைஸ் என்று விற்பனவற்றுள் அவித்த முட்டையும் பொரித்த கோழியும் இடம்பிடித்துவிட்டன. பிளாச்சான் பலவற்றில் இல்லை. முட்டை வைத்தால் அது லம்ப்ரைஸே அன்று என வாதிடும் பறங்கிய மூதாட்டியர் இன்னமும் உளர். ஆயினும் வாதிடுவோர் தொகை குறைந்துவருகிறது. 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்துக்குப் பின்னர் பறங்கியக் குடும்பங்கள் பல அவுஸ்திரேலியாவுக்குப் போயின. இவ்வம்மையாரின் உடன்பிறந்தாள் இருவரும் மெல்போர்னில் இருக்கின்றனர்.

இதைக் கேட்டதும் எமது இல்லத்தில் சற்றுநேரம் எவரும் பேசவில்லை. 1983 ஆடிக்குப் பின் வெள்ளவத்தையிலிருந்து கனடாவுக்குப் போன எமது சிற்றன்னையார், தொறன்ரோவில் உறையவைத்த வாழையிலை வாங்கி, அதை வெந்நீரில் இளக்கிப் பொதிசோறு கட்டுகிறார். இலை கிழிகிறதென்று ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் குறைகூறுவார். அனலில் வாட்டும்படி இனிச் சொல்லலாம்.

செய்முறையை எழுதித் தருமாறு அம்மையாரைக் கேட்கலாமா என வினவினோம். மாணவர் சிரித்தார். "எழுத அளவு ஒண்டும் இல்லை, சேர். கைதான் அளவு. வந்து பாருங்கோ எண்டுதான் சொல்லுவா."

வரும் ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குச் செல்வதாக முடிவாகியிருக்கிறது. இலையும் கத்தரிக்காயும் நாமே வாங்கிச் செல்கிறோம். மடிப்பைக் கற்றுக்கொள்ளும் பொறுப்பு எமது மகளுடையது.