மாமாவின் ஈயப்பேப்பரும் இருநூறு டொலர் பியூஸும்

போன தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி மாமா வீட்டு சவுண்ட் செட் பாட்டுக்கு நடுவுல நின்னுபோச்சு. மாமா டோர்ச்சை என் கையில் கொடுத்துட்டு அம்பைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கழற்றினார். ஸ்பீக்கர் வயர் கழன்றிருந்ததுதான் பிரச்சினை. அது ரெண்டு நிமிச வேலை. ஆனால் பியூஸ் இருக்கிற இடத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண்ணாடி பியூஸைச் சுற்றி சிகரட் பெட்டி ஈயப்பேப்பர்.

"என்ன மாமா இது?"

"நல்ல பியூஸ் போட்டா நிக்காது புள்ள. சுவிட்சைப் போட்ட உடனே போயிரும். ரெண்டு தடவை டவுனுக்குப் போய் வாங்கியாந்து பார்த்தேன். இது ரெண்டு வருசமா அசையல."

அசையாது. அசையவே அசையாது. அதுதான் பயமே.

இதே வாரம் யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரர் தன்னுடைய அம்புக்கு 'அப்கிரேட் பியூஸ்' போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் ஓடியோ பைத்தியம் பிடித்தவர்களுக்கென்றே பியூஸ் செய்யும் கம்பனிகள் இருக்கு. ஃபுருடெக், சினர்ஜிஸ்டிக் ரிசர்ச் என்று பெயர்கள். தங்கமுலாம், வெள்ளி, என்னென்னவோ பூச்சு. ஒரு பியூஸ் இருநூறு டொலருக்கும் போகுது. நம்ம காசில் அறுபதாயிரம் அளவில். தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

நான் கலைப்பீடத்தில் படிக்கிறவள். மின்சாரத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பெரிய தகுதி இல்லை, லயத்தில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான். அதோட பயத்தில் ஒரு மாசம் தேடித்தேடிப் படிச்சேன்.

முதலில் அந்த விலைகூடிய பியூஸ். அதில் சிலதுக்கு அம்புக்குறி போட்டிருக்கு, இந்தப் பக்கமாகத்தான் கரண்ட் போகணுமாம். சுவரிலிருந்து நமக்கு வருவது ஏசி கரண்ட், 50 ஹேர்ட்ஸ். அது ஒரு செக்கனுக்கு நூறு தடவை திசை மாறுது. எந்தத் திசைக்கு அம்புக்குறி? அடுத்தது, பியூஸின் தடை குறைந்தால் சத்தம் தெளியும் என்கிறார்கள். ஒரு 2 ஆம்பியர் பியூஸின் தடை ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். 1 ஆம்பியர் ஓடினால் 0.05 வோல்ட் குறையும். எங்க ஊருக்கு வருகிற 230 வோல்ட்டோ சட்டப்படியே ஆறு வீதம் கூடிக் குறையலாம். அதாவது 216-இலிருந்து 244 வரைக்கும். பின்னேரம் ஆறு மணிக்கு லயம் முழுக்க ரைஸ் குக்கர் போட்டதும் பல்பு மங்குகிறதே, அந்த ஆட்டத்துக்கு முன்னால் 0.05 எங்கே? அதையும் தாண்டி, வருகிற கரண்டை அம்ப் உள்ளேயே டிரான்ஸ்போமரும் கெப்பாசிட்டரும் வைத்து வேறாக மாற்றிவிட்டுத்தான் பாட்டுக்குக் கொடுக்கிறது.

ஆனால் "மாத்தினேன், வித்தியாசம் கேட்டுச்சு" என்று சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழைய பியூஸ் ஹோல்டரில் பாசி மாதிரி அழுக்கு பிடிச்சிருக்கும். கழற்றி மாட்டும்போது அது சுரண்டுப்பட்டுத் தொடுப்பு நல்லாயிரும், கரகரப்பு போயிரும். அந்தப் பலன் இருபது ரூபா பியூஸைக் கழற்றி மாட்டினாலும் கிடைக்கும். மற்றபடி அறுபதாயிரம் கொடுத்த காதுக்கு வித்தியாசம் கேட்காமல் இருக்குமா? சந்தேகம் இருந்தால் தம்பியிடம் கொடுத்து, எது உள்ளே இருக்கு என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றிவிட்டு.

இப்போ மாமாவுக்கு வருவோம். அவர் முட்டாள் இல்லை. அவருக்கு நடந்தது இதுதான். அவருடைய அம்ப் உள்ளே உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள டொரொய்ட் டிரான்ஸ்போமர் இருக்கு. சுவிட்ச் போடுகிற அந்தக் கண நேரத்தில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். பிறகு அடங்கிரும். அதைத் தாங்குகிற பியூஸ் ஒன்று, தாங்காத பியூஸ் ஒன்று என்று இரண்டு வகை இருக்கு. பியூஸின் உலோக மூடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் 'டி' என்று இருந்தால் மெதுவாகப் போவது, 'எஃப்' என்றால் உடனே போவது. மாமா கடையில் "ரெண்டு ஆம்பியர் பியூஸ்" என்று கேட்டார், கடைக்காரர் 'எஃப்' கொடுத்தார், சுவிட்ச் போட்டதும் போனது. ரெண்டாவது தடவையும் அதே. அப்போ பியூஸ் என்கிற சாமானே ஏமாத்து என்று அவர் முடிவு கட்டினதில் என்ன பிழை? ஒரு எழுத்து பிழைச்சதில் வந்து சேர்ந்ததுதான் அந்த ஈயப்பேப்பர்.

அதனால் கடைக்குப் போகும்போது பழைய பியூஸைக் கையோடு கொண்டுபோங்க. நீளம் பாருங்க: 20 மில்லிமீட்டர், இல்லாட்டி 32. அம்பின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிற எழுத்தும் ஆம்பியரும் அப்படியே வேணும். ஆம்பியர் கூடினது 'பலமானது' இல்லை. 250 வோல்ட் என்று இருக்கணும். காருக்கு விற்கிற 32 வோல்ட் கண்ணாடி பியூஸ் பார்க்க ஒரே மாதிரி, சில ஹோல்டரில் சரியாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் 230 வோல்ட்டில் கம்பி உருகினாலும் உள்ளே தீப்பொறி நிற்காமல் ஓடக்கூடும். முதலில் இருந்தது வெள்ளை செரமிக் என்றால் செரமிக்தான், அதற்குள் மணல் போட்டிருப்பதே அந்தப் பொறியை அணைக்கத்தான். சரியான பியூஸும் திரும்பத் திரும்பப் போனால் அம்புக்குத்தான் வருத்தம், ரிப்பேருக்குக் கொடுங்க.

சதுர பின் பிளக்குக்குள்ளும் ஒரு பியூஸ் இருக்கு, பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் பழுப்பு நிற 13 ஆம்பியர். வீட்டு அம்புக்கு அது தேவையே இல்லை. சிவப்பு நிற 3 ஆம்பியர் போதும். 3-ஐ 230-ஆல் பெருக்கினால் 690 வொட், எந்த லயத்து வீட்டில் அவ்வளவு இழுக்கிற செட் இருக்கு? எல்லாம் சேர்த்து ரெண்டு பிளேன்டீ, ரெண்டு வடைக் காசு. என் கணக்கில் அப்கிரேட் என்றால் இதுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கள் லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரே கூரை. ஒரு வீட்டு டிரான்ஸ்போமர் சூடேறிப் புகைந்தால் கடைசி வீட்டுப் பாட்டியும் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடணும். லயத்தில் தீ, மின் ஒழுக்கு காரணமாம் என்று செய்தி வரும், பாடப்புத்தகமும் பிறப்புச் சான்றிதழும் எரிந்த படம் வரும், பிறகு மறந்துபோகும். தலவாக்கலையில் மேல் கொத்மலை மின்நிலையம் 2012-இல் ஓடத் தொடங்கியது, 150 மெகாவொட். எங்க ஆத்துத் தண்ணியில் வருகிற கரண்ட். அது எங்க லயத்துக்குள் வரும்போது காலங்கடந்த வயரில், ஒரு பிளக்கில் நாலு பிளக் சொருகித்தான் ஓடுது. புது வயர் இழுக்கலாமே என்பீங்க. வீடே நம்ம பேரில் இல்லை. செங்கல் ஒன்றை நகர்த்தவும் தோட்டத்தில் கேட்கணும். அந்தச் சண்டை பெரிசு, நடக்கணும், நடக்குது. அது முடியும்வரை பியூஸ் காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொன்று. பியூஸ் மனுசனைக் காப்பாத்தாது. அது வயரையும் வீட்டையும்தான் காப்பாத்தும். 2 ஆம்பியர் பியூஸ் போவதற்கு ரெண்டாயிரம் மில்லிஆம்பியருக்கு மேல் ஓடணும், ஆளைக் காக்கிற ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஆம்பியரிலேயே விழுந்துவிடும். சில வீடுகளில் "சும்மா சும்மா விழுது" என்று அதையும் நேராக்கி விட்டிருக்காங்க. தயவுசெய்து வேண்டாம்.

திருவிழாவுக்கு சவுண்ட் செட் பிடிக்கப் பல ஆயிரம் செலவழிக்கிற நம்ம கோயில் கமிட்டிகளும் இளைஞர் கழகங்களும் ஒரு சின்ன டப்பாவில் நாலைந்து வகை பியூஸ் வாங்கி லயத்துக்கு ஒன்றாக வைத்தால் என்ன? பியூஸ் போவது கடை பூட்டியிருக்கிற ராத்திரியில்தான். ஈயப்பேப்பர் வேலைக்கு வருவதும் அப்போதான்.

தீபாவளி முடிந்த மறுநாள் ஹட்டனுக்குப் போய் 'டி' போட்டது மூன்று வாங்கிவந்தேன். ஒன்றை மாமாவே மாட்டினார். சுவிட்சைப் போட்டுவிட்டு, போகும் என்று எதிர்பார்த்து என்னைப் பார்த்தார். போகல. மிச்சம் ரெண்டையும் அம்பின் பக்கவாட்டில் செலோடேப்பால் ஒட்டி, மேலே பேனாவால் 'டி 2' என்று எழுதி வச்சிருக்கார். ஈயப்பேப்பரை அத்தை அடுப்பில் போட்டுட்டாங்க.