சப்பைக்கட்டு கட்டினால் ஆல்பம் நிமிராது

'தி கிளாஷ்' குழுவின் கடைசி ஆல்பமான 'கட் தி கிராப்' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை, அந்தக் கோபம் நியாயம்தானா என்று பார்க்க. நியாயம்தான். 1985 நவம்பரில் வெளிவந்த அந்த ஆல்பம் காலத்தை முந்திய படைப்பாம். அதைக் கேட்டு மனம் வெறுத்துப் போனவர்கள், பழைய பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்க ஆசைப்பட்ட மந்தையாம்.

அந்த மந்தையில் நானும் ஒரு ஆடு. நான் அதை முதலில் கேட்டது நண்பன் பதிந்து கொடுத்த கேசட்டில். எல்லாக் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. பதிவில்தான் கோளாறு என்று நினைத்து அசல் கேசட்டைத் தேடி மாதக்கணக்கில் அலைந்தேன். கிடைத்தது. அசலும் அப்படியேதான் இருந்தது. அன்று பட்ட வலியை 'ரசனைக் குறைவு' என்று ஒருவர் எழுதினால் சும்மா இருக்க முடியவில்லை.

கட்டுரையாளர் பெரிதும் நம்பியிருப்பது டிரம் மெஷினை. பங்க் குழு ஒன்று டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் கையில் எடுத்தது துணிச்சல், அதைப் பொறுக்காதவர்கள் பழமைவாதிகள் என்கிறார். இதைக் கிளாஷ் ரசிகனிடமே வந்து சொல்வதற்குத் தனி தைரியம் வேண்டும். 1977இல் முதல் ஆல்பத்திலேயே ஜூனியர் மர்வினின் ரெகே பாடலை எடுத்து ஆறு நிமிடம் வாசித்த குழு இது. 1980இல் 'சாண்டினிஸ்டா!' வந்தது. மூன்று இசைத்தட்டுகள், 36 பாடல்கள். டப் உண்டு, ராப் உண்டு, காஸ்பெல் உண்டு, கலிப்ஸோ உண்டு, சின்னப் பிள்ளைகள் பாடும் பாட்டுகூட உண்டு. இத்தனையையும் விழுங்கிச் செரித்தவனா ஒரு டிரம் மெஷினைக் கண்டு மிரளப் போகிறான்?

கட்டுரையாளர் வசதியாகத் தாண்டிப்போன விஷயம் ஒன்று உண்டு. குழுவின் ஆதி நோக்கத்திலிருந்து விலகிவிட்டார் என்று 1983 செப்டம்பரில் அறிக்கை விட்டு கிடார்காரர் மிக் ஜோன்ஸை வெளியே தள்ளினார்களே, அந்த ஜோன்ஸ் அதே 1985இன் கடைசியில் 'பிக் ஆடியோ டைனமைட்' குழுவின் முதல் ஆல்பத்தோடு வந்து நின்றார். அதிலும் டிரம் மெஷின்தான். போதாததற்கு சினிமா வசனத் துண்டுகளை வெட்டி ஒட்டி, பாட்டுக்குள் பாட்டாக நெய்திருந்தார். இன்று போட்டாலும் கால் தானாகத் தாளம் தட்டும். ஆக, மெஷினை ஆளத் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். கட்டுரையாளர் மாலை போடுவதோ அனுப்பியவர்களுக்கு.

அடுத்து, 'கரடுமுரடுதான் பங்க்கின் அழகு' என்கிறார். யார் இல்லை என்றது? முதல் ஆல்பத்தை மூன்று வார இறுதிகளில் பதிந்து முடித்தார்கள். மேடையில் ஒலி பார்த்துக்கொண்டிருந்தவரே தயாரிப்பாளர். கரடுமுரடுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதில் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் பல்லைக் கடித்துக்கொண்டு வார்த்தையை மெல்லுவது கேட்கும், ஜோன்ஸின் கிடார் குறுக்கே பாய்வது கேட்கும், பால் சிமனன் இன்னும் பேஸ் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பதுகூடக் கேட்கும். யார் எங்கே நிற்கிறார் என்று கையை நீட்டிக் காட்டலாம்.

மூனிக் நகரத்தில் பதிவான 'கட் தி கிராப்'பில் யாரைக் காட்டுவது? டிரம்மர் பீட் ஹோவர்டின் இடத்தில் பெரும்பாலும் மெஷின். சிமனனின் பேஸுக்குப் பல இடங்களில் நார்மன் வாட்-ராய் என்ற வேறொரு கலைஞர். நிக் ஷெப்பர்ட், வின்ஸ் வைட் என்று புதிதாகச் சேர்த்த இரண்டு கிடார்காரர்களும் வாரச் சம்பளத்துக்கு இருந்தவர்கள். தயாரிப்பாளர் பெயர் ஹோசே உனிதோஸ் என்று உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு ஆசாமியே கிடையாது. மேனேஜர் பெர்னி ரோட்ஸ் மாட்டிக்கொண்ட முகமூடி அது. பாடலாசிரியர் வரிசையிலும் ஸ்ட்ரம்மருக்குப் பக்கத்தில் ரோட்ஸ்தான்.

இந்த லட்சணத்தில், 'நாங்கள்தான் கிளாஷ்' என்று தலைப்பிலேயே சத்தியம் செய்யும் பாட்டு ஒன்றும் உண்டு. நல்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கால்பந்து மைதானத்துக் கும்பல்போல ஒரு கூட்டம் பல்லவியைக் கத்துகிறது. அதற்கு அடியில் மெஷின் ஒரே கனத்தில், ஒரே முகத்தோடு அடித்துக்கொண்டே போகிறது. கிடார் எங்கோ பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் மங்கிக் கேட்கிறது. ஸ்ட்ரம்மர் தொண்டை கிழியப் பாடுகிறார், அவர் குரல்மீதே கும்பலின் கத்தல் வந்து விழுகிறது. இதே பாட்டை 1984இல் மேடையில் ஐந்து பேரும் வாசித்த திருட்டுப் பதிவுகள் உலவுகின்றன. ஒலித்தரம் படுமோசம், ஆனாலும் ஹோவர்டின் அடியில் பாட்டு எழுந்து நிற்கிறது. அப்படியானால் பாட்டிலும் குறை அதிகமில்லை, ஆட்களிலும் குறையில்லை. கலவை மேசையில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு இவர்கள் யாருமே தேவைப்படவில்லை.

கட்டுரையாளரின் உண்மையான தந்திரம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை இழுத்து வருகிறார். ஒரு வருடம் நடந்து 1985 மார்ச்சில் தோற்று முடிந்த போராட்டம் அது. 1984 டிசம்பரில் அவர்களுக்கு நிதி திரட்ட லண்டன் பிரிக்ஸ்டனில் கிளாஷ் இரண்டு இரவு வாசித்தது உண்மை. 1985 மே மாதம் ஐந்து பேரும் பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு, சாதா கிடார்களோடு நாட்டிங்ஹாமில் தொடங்கி கிளாஸ்கோவரை தெருவோரம் பாடிக்கொண்டே போனதும் உண்மை. அந்தப் பயணத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் உருகிப் போகிறேன். ஆனால் கட்டுரையாளர் அந்தத் தெருப்பாட்டின் வியர்வையை எடுத்து இந்த ஆல்பத்தின் நெற்றியில் தடவப் பார்க்கிறார். தேதியைப் பாருங்கள் ஐயா. மூனிக் பதிவு வருடத் தொடக்கத்திலேயே நடந்தது, தெருப் பயணம் அதற்குப் பிந்தியது. மெஷினுக்கும் மேனேஜருக்கும் நடுவில் மூச்சுமுட்டியவர்கள் கொஞ்சம் காற்று வாங்கத் தெருவுக்கு வந்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். தெருவின் காற்று அந்த இசைத்தட்டில் வீசுகிறது என்று சொல்ல வழியில்லை. ஆல்பத்தைக் குறை சொன்னால் தொழிலாளர்களைக் குறை சொன்னதாக ஆகிவிடும் என்று பயமுறுத்துவது பழைய கட்சி மேடை வித்தை. அதற்கெல்லாம் பயப்படுகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

'திஸ் இஸ் இங்கிலாந்து' பாடலை வைத்து மொத்த ஆல்பத்துக்கும் ஜாமீன் கேட்கிறார். அந்தப் பாட்டு பெரிய பாட்டு, மறுப்பில்லை. சந்தையில் கூவி விற்கும் ஒரு பிள்ளையின் குரலோடு தொடங்கும். தோற்றுப்போன ஒரு நாட்டை நெஞ்சு அடைக்கப் பார்த்துக்கொண்டே ஸ்ட்ரம்மர் நடப்பதுபோல் இருக்கும். அதிலும் அதே மெஷின்தான். ஆனால் அங்கே அவர் குரலுக்கு நடக்க இடம் விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டில் ஒன்றில் மட்டும் அந்த இடம் கிடைத்திருக்கிறது. மற்றப் பதினொன்று என்ன பாவம் செய்தன என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

ரோட்ஸ் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு ஸ்ட்ரம்மரைக் குளிப்பாட்டி எடுக்கும் பத்தி மட்டும் எனக்கு எரிச்சலைவிடச் சங்கடத்தைத் தந்தது. 1984இல் அப்பாவை இழந்து, அம்மாவும் நோயில் கிடந்த காலம் அது, மனுஷன் உடைந்து போயிருந்தார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அவரைக் கைக்குழந்தை ஆக்க வேண்டாம். போதைக்கு அடிமையான பழைய டிரம்மர் டாப்பர் ஹெடனை 1982இல் வெளியே அனுப்பியதிலும் அவர் பங்கு உண்டு, ஜோன்ஸை அனுப்பியதிலும் உண்டு. 'ராக் தி காஸ்பா'வின் மெட்டு ஹெடனுடையது. மெட்டுப் போடத் தெரிந்த இருவரையும் அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் மேனேஜரை உட்கார வைக்கும்போது ஸ்ட்ரம்மர் அறையில்தானே இருந்தார்?

ஒரே ஒரு புள்ளியில் கட்டுரையாளரோடு கைகுலுக்குகிறேன். 1991இல் வந்த 'கிளாஷ் ஆன் பிராட்வே' தொகுப்பிலும், 2013இல் வந்த 'சவுண்ட் சிஸ்டம்' பெட்டியிலும் இந்த ஆல்பத்தைச் சேர்க்காதது தவறு. தறுதலைப் பிள்ளை என்றாலும் குடும்பப் போட்டோவில் நிற்க வேண்டும். நிற்கும்போது அவனுக்குப் பரிவட்டம் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஸ்ட்ரம்மர் இந்த ஆல்பத்துக்காக வாதாடவே இல்லை. ஜோன்ஸைத் தேடிக்கொண்டு பஹாமாஸ் வரை போனார், திரும்பி வா என்று கேட்டார். ஜோன்ஸ் வரவில்லை. அடுத்த வருடம் ஸ்ட்ரம்மர்தான் அவரிடம் போனார். 'பிக் ஆடியோ டைனமைட்'டின் இரண்டாவது ஆல்பத்தில், ஜோன்ஸோடு சேர்ந்து பாட்டெழுதி, தயாரிப்பிலும் கூட உட்கார்ந்தார். அங்கேயும் டிரம் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.