மும்பைத் தொழிலாளரும் மாடி வீடுகளும்

மும்பை வொர்லியில் 2025 ஆகஸ்டு மாதம் 556 குடும்பங்களுக்குப் புதிய அடுக்கு மாளிகை வீடுகளின் சாவிகள் அளிக்கப்பட்டன. 1920-களில் அன்னிய சர்க்கார் கட்டிய பி.டி.டி. சால்களில் வசித்து வந்தோர் இவர்கள். சால் என்பது மாடிதோறும் பல அறைகளும் பொதுக் கழிப்பிடமும் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு. 160 சதுர அடி அறையினின்று 500 சதுர அடி வீட்டிற்கு, அதுவும் இனாமாக, குடிபெயரும் குடும்பத்தின் சந்தோஷத்தை நாம் குறை கூறோம். பழைய சாலைப் புகழ்ந்து கவி பாடுவோர் அங்கே ஒரு மாரிக்காலம் வசித்துப் பார்க்கட்டும்!

ஆயினும் சாலில் போற்றத்தக்கது ஒன்று இருந்தது. அறை சிறிதாயினும் நடைவழியும் முற்றமும் பொதுவாயிருந்தன. லோகமான்ய திலகர் கணேச உற்சவத்தைப் பொது ஜனங்களின் விழாவாக்கிய 1893-ஆம் ஆண்டிலேயே கிர்காமின் கேசவ்ஜி நாயக் சாலில் அவ்விழா தொடங்கிற்று. தாளிட்ட கதவுகளும் மின்தூக்கியும் மட்டுமுள்ள இடத்தில் அத்தகைய பொது வாழ்வு எங்ஙனம் தழைக்கும்? வாயிலில் ஒரு வளைவை ஒட்டவைத்து, "புராதனப் பெருமை" என விளம்பரம் செய்யும் வியாபாரிகளுக்கு இக்கேள்வி எழுவதே இல்லை.

உயரக் கட்டினால் இவையெல்லாம் அசாத்தியம் என்பர். அதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. அதே நகரின் கம்பாலா ஹில் பகுதியில் சார்லஸ் கொரியா வகுத்த காஞ்சன்ஜங்கா மாளிகை 1983-இல் பூர்த்தியாயிற்று. 28 மாடிகள், 32 வீடுகள். மும்பையில் கடற்காற்று வருவதும் மேற்கிலிருந்து, பிற்பகல் வெயிலும் மாரிச் சாரலும் தாக்குவதும் மேற்கிலிருந்தே. பழைய பங்களாக்கள் அறைகளைச் சுற்றித் தாழ்வாரம் அமைத்து இவ்விக்கட்டைத் தீர்த்தன. கொரியா அத்தாழ்வாரத்தையே இரண்டு மாடி உயரமுள்ள மூலைத் தோட்டங்களாக்கி ஆகாயத்தில் ஏற்றினார்.

தனவந்தருக்குச் செய்ய முடிந்ததைத் தொழிலாளருக்குச் செய்யலாகாதா? அவர்களுக்கு வேண்டுவது தனித் தோட்டமன்று. சில மாடிகளுக்கு ஒன்றாகக் காற்றோட்டமுள்ள பொதுத் தாழ்வாரமும், மோட்டார் வண்டிகளுக்குப் பறிகொடுக்காத மைதானமுமே. இனி எழும்பவிருக்கும் கட்டிடங்களிலேனும் மகாராஷ்டிர சர்க்கார் இவ்விரண்டையும் வரைபடத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். அவ்வரைபடத்தை அஸ்திவாரம் தோண்டுமுன் குடியிருப்போர் சபையில் வைத்து, அவர்தம் அபிப்பிராயத்தைக் கேட்கவும் வேண்டும்.