நஞ்சுக்கொடி மாதிரிகளுக்குத் தனி விதி தேவை

கருவுற்ற ஆறாம் அல்லது ஏழாம் நாளில் கருப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் கரு, அடுத்த சில நாட்களில் அச்சுவருக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. இப்பணியைச் செய்பவை கருவைச் சூழ்ந்துள்ள ட்ரோபோபிளாஸ்ட் எனப்படும் வெளியுறைச் செல்கள். நஞ்சுக்கொடியின் பெரும்பகுதியாகப் பின்னர் வளர்பவையும் இவையே. அவற்றுள் ஒரு பிரிவு தாயின் திசுவை ஊடுருவிச் சென்று, கருப்பையின் சுருள் தமனிகளில் உள்ள தசைச் சுவரை அகற்றி, ஒடுங்கிய அக்குழாய்களைத் தடையின்றி ரத்தம் பாயும் அகன்ற வழிகளாக மாற்றுகிறது. இந்த ஊடுருவல் குறைந்தால் கருவின் வளர்ச்சி குன்றவும், தாய்க்கு ரத்த அழுத்தம் உயர்ந்து உறுப்புகள் பழுதடையும் பிரீ-எக்லாம்ப்சியா ஏற்படவும் கூடும். அளவு மீறினாலோ, குறிப்பாக முந்தைய சிசேரியன் தழும்பின்மீது, நஞ்சுக்கொடி பிரியாமல் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு நேரும்.

உலகில் 100 கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை பாதிக்கும் பிரீ-எக்லாம்ப்சியா பொதுவாக 20ஆம் வாரத்துக்குப் பின்னரே வெளிப்படுகிறது; அதன் வேரோ பெரும்பாலும் முதல் சில வாரங்களில் இருக்கிறது. அந்நாட்களில் கருப்பைக்குள் நிகழ்வதைத் தாய்க்கும் கருவுக்கும் தீங்கின்றி நேரில் ஆராய வழியில்லை. மாற்றாக ஆராயப்படும் சுண்டெலியின் நஞ்சுக்கொடி மனிதருடையதைப்போல ஆழமாக ஊடுருவுவதில்லை. நெடுங்காலம் பயன்பட்டுவந்த செல் வரிசைகள் பலவும் புற்றுக்கட்டிகளிலிருந்து பெறப்பட்டவை. இந்நிலையை 2018இல் மாற்றியவர்கள், ட்ரோபோபிளாஸ்ட் ஸ்டெம் செல்களை வளர்த்த ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்களும், நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து ஆர்கனாய்டு எனும் முப்பரிமாணச் சிற்றுருக்களை வளர்த்த கேம்பிரிட்ஜ், வியன்னா குழுவினரும் ஆவர். வியன்னாவில் 2021இல் உருவாக்கப்பட்ட, ஸ்டெம் செல்களாலான கருவொத்த உருக்கள், ஹார்மோன்களால் தயார்செய்யப்பட்ட கருப்பைச் செல்களில் மட்டுமே ஒட்டின. தாய்ப்பக்கத்தைச் சேர்க்காத எந்த மாதிரியும் அரைகுறையானதே என்பதற்கு இதுவே சான்று.

மனிதக் கருவைப் போன்றவற்றை ஆய்வகத்தில் வளர்ப்பது குறித்த அச்சம் நியாயமானது. மனிதக் கருவை ஆய்வகத்தில் 14 நாட்களுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று பிரிட்டனின் வார்னாக் குழு 1984ஆம் ஆண்டு அறிக்கையில் வகுத்த வரம்பை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் ஏற்கின்றன. ஆனால், நஞ்சுக்கொடிச் செல்கள் மட்டுமே கொண்ட ஆர்கனாய்டு ஒருபோதும் குழந்தையாக வளர முடியாது. கருவொத்த உருவின் நிலை வேறு என்பதாலேயே, அதை எந்தக் கருப்பையிலும் வைக்கக் கூடாது என்று சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுக் கழகம் 2021இல் வரையறுத்தது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து அஞ்சினால், தாய்மாரின் உயிர்காக்கும் ஆய்வுதான் முடங்கும்.

எனவே நெறிமுறைகள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துரைக்க வேண்டும். திசு தரும் பெண்களின் சம்மதம் எவ்வித அழுத்தமுமின்றிப் பெறப்பட வேண்டும். தாயின் கருப்பைச் செல்கள், நோயெதிர்ப்புச் செல்கள், ரத்த ஓட்டம் ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் மாதிரிகளுக்கு அரசு நிதி முன்னுரிமை அளிக்க வேண்டும். பிரீ-எக்லாம்ப்சியாவை முழுமையாக முடிவுக்குக் கொண்டுவரும் வழி இன்றளவும் பிரசவம் ஒன்றே என்றிருக்கையில், இவ்வாய்வைத் தள்ளிப்போடுவதற்கு நியாயம் ஏதுமில்லை.