அசைப்பவன் யார்?

"அவனன்றி ஓரணுவும் அசையாது" என்று சொல்லாத ஆஸ்திகர் இல்லை. நல்லது, அணு இருக்கட்டும். தென் பசிபிக் சமுத்திரத்தில், ஈஸ்டர் தீவுக்கு மேற்கே, கடலுக்கடியில் 400, 500 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பாறைத் தட்டு தனியாகச் சுழன்றுகொண்டிருக்கின்றது. கடிகார முள் சுற்றுகின்ற பக்கமாக, பத்து லட்சம் வருஷத்திற்குச் சுமார் 15 டிகிரி வீதம் சுழல்கின்றது. இதை அசைப்பவன் யார் என்பதே நாம் இன்று கேட்க வந்த கேள்வி. (ஈஸ்டர் என்பது கிறிஸ்தவப் பண்டிகையாயிற்றே என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். 1722-ல் டச்சுக் கப்பல்காரர்கள் அப்பண்டிகையன்று அத்தீவைக் கண்டார்கள். மதத்திற்கு இதில் உள்ள பாத்தியதை அவ்வளவே.)

பூமியின் மேலோடு ஒரே ஓடு அல்ல. பல தட்டுகளாக இருப்பது. அவற்றுள் பசிபிக் தட்டு மேற்கேயும், நாஸ்கா தட்டு கிழக்கேயும் விலகிப் போகின்றன. விலகுகின்ற பிளவில் கீழிருந்து பாறைக் குழம்பு ஏறி உறைந்து புதுத் தரை உண்டாகின்றது. அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவில் இவ்விலகல் வருஷத்திற்கு 2 முதல் 5 சென்டிமீட்டர். இங்கேயோ சுமார் 15 சென்டிமீட்டர். இப்படி வேகமாக விலகுமிடத்தில் பிளவு ஒரே கோடாக நிற்பதில்லை. ஒரு பிளவின் முனை நீண்டு மற்றொன்றின் பக்கத்தில் ஓட, இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு அகப்பட்டுக் கொள்ளுகின்றது. அப்படி அகப்பட்டதுதான் இச்சிறு தட்டு. வயது சுமார் 50 லட்சம் வருஷம். இதன் வடக்கு ஓரத்தை நாஸ்கா கிழக்கே இழுக்கின்றது. தெற்கு ஓரத்தைப் பசிபிக் மேற்கே இழுக்கின்றது. இரு உள்ளங்கைகளுக்கு நடுவே பாக்கை வைத்து எதிரெதிராகத் தேய்த்தால் பாக்கு உருளாதா? உருட்டுவதற்கு மூன்றாவது கை எதற்கு?

இதை எந்த ரிஷியும் ஞான திருஷ்டியால் கண்டு சொல்லவில்லை. உறைகின்ற பாறை அக்காலத்துப் பூமியின் காந்தத் திசையைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். அத்திசையோ அவ்வப்போது தலைகீழாகும். ஆகவே பிளவின் இருபுறமும் ஒரே மாதிரிக் காந்தப் பட்டைகள் இருக்க வேண்டும் என்று 1963-ல் வைன், மாத்யூஸ் என்ற இரு ஆங்கிலேயர் எழுதினார்கள். அளந்து பார்த்தார்கள், இருந்தன. நம் சிறு தட்டில் அப்பட்டைகள் கோணலாய் விசிறிபோல் விரிந்திருப்பதைக் கொண்டே அது சுழல்வது தெரிந்தது. கண்டங்கள் நகருகின்றன என்று 1912-ல் சொன்ன வெகெனரைப் பண்டிதர்கள் பரிகசித்தார்கள். அவர் 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் மாண்டார். சாட்சியம் வந்தபின் அப்பண்டிதர் கூட்டமே ஒப்புக்கொண்டது. எந்த மடத்திலாவது இப்படி நடந்ததுண்டா?

நிற்க, நாஸ்காவை இழுப்பது எது? வயதாக ஆகக் குளிர்ந்து கனத்துப்போன அதன் கிழக்கு விளிம்பு தென் அமெரிக்காவின் கீழே அமிழ்ந்து, மற்றதையும் தன்னோடு இழுக்கின்றது. அமிழுமிடத்தில் பிடிபட்டு நின்று திடீரென்று வழுக்கினால் அதுவே பூகம்பம். 1960 மே 22-ல் சிலி தேசத்தில் அப்படி வழுக்கியது. அளவு 9.5, கருவிகள் பதிந்தவற்றுள் அதைவிடப் பெரியது இல்லை. கடல் ஊர்களுக்குள் புகுந்தது. அப்போது கடலோரத்து மாப்புச்சே குடிகளில் சிலர், கடல் தணியட்டும் என்று ஒரு சிறுவனைப் பலி கொடுத்தார்கள். தாயார் வேலை தேடி வெளியூர் போயிருந்த பிள்ளை. இரண்டு வருஷம் பொறுத்து, பரம்பரை வழக்கத்தின் கட்டாயத்தால் செய்தார்கள் என்று சொல்லிக் கோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது.

அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஏச நம்மவர்க்கு யோக்கியதை இல்லை. சீமையில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற தோழர் காந்தியாரே, 1934-ல் பீகாரில் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானோர் செத்தபோது, அது தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்றார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் இடிந்த வீட்டின் கீழ் கிடந்தவர்களில் தீண்டப்படாதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் செய்த பாவம் என்ன? கடவுள் நம்பிக்கையுள்ள தாகூரே இதைப் பொறுக்காமல், இயற்கைச் சம்பவத்திற்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்று மறுத்து எழுதினார். காந்தியாரோ தம் சொல்லை வாபஸ் வாங்கவில்லை.