கூடப் படித்தால் குறையா?

“கூடப் படிச்சவன வேணாம்னு எவன்டா சொல்லுவான்? தைரியமா போடு தம்பி!” மரக்காணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் போன வாரம் காதில் விழுந்த அருள்வாக்கு இது. உப்பளத்துக்காரர் மகன், பி.இ. முடித்தவன், ஐ.டி.ஐ. கேட்ட வேலைக்கு விண்ணப்பிக்கிறான். அறிவிக்கையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கட்டணம் மட்டும் ஜிபேயில் போயாயிற்று.

எவன் சொல்லுவானா? உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று ஐயா. ஜம்மு காஷ்மீர் மின்துறையில் டெக்னீசியன்-3 வேலை. கேட்டது பத்தாம் வகுப்பும் எலெக்ட்ரிகல் ஐ.டி.ஐ.யும். டிப்ளமோக்காரர்கள் எங்கள் படிப்பு அதைவிடப் பெரிது என்று வழக்காடினார்கள். பெரிய படிப்புக்குள் சின்னது அடக்கம் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளாது, தகுதியை முடிவு செய்வது வேலை கொடுக்கிறவர் என்று 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. டிப்ளமோவுக்கே அந்தக் கதி.

உடனே, உயர்படிப்புக்காரரை ஏற்ற 2010 கேரள வழக்குத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார். அங்கே உயர்படிப்பையும் ஏற்கலாம் என்று பணி விதியிலேயே எழுதியிருந்தது. நம் தம்பியின் அறிவிக்கையில் இருக்கிறதா? படித்தால்தானே தெரியும்! இல்லையென்றால் டெக்னீசியன்-3 கதிதான்.

பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் வேலைக்குப் பட்டதாரியே கூடாது என்று விளம்பரம் செய்தது. பட்டத்தை மறைத்து விண்ணப்பித்தவருக்கு 2020இல் உச்ச நீதிமன்றம் கைகொடுக்கவில்லை.

உப்புத் தண்ணீர் அடர்த்தி 25 டிகிரியைத் தொட்டால் பாத்தியில் உப்பாக இறங்கும். 30ஐத் தாண்டினால் கசப்பு நீர், வெட்டிவிட வேண்டியதுதான். கூடினால் நல்லது என்று எந்த அளக்காரரும் சொல்லமாட்டார். மகன் படிப்பில் மட்டும் அந்தக் கணக்கு மறந்துபோகிறது.

கூடப் படித்தால் நல்லதே என்ற நம்பிக்கையை வளர்த்துவிட்டது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. அங்கே பத்தாம் வகுப்பு என்பது குறைந்தபட்சத் தகுதி, அதனால் முதுகலைக்காரரும் எழுதுகிறார். அதைப் பார்த்துவிட்டு ஊரில் உள்ள எல்லா வேலைக்கும் அதே சட்டம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். டெக்னீசியன்-3க்கு அப்படி எவரும் எழுதிவைக்கவில்லையே!

“ஹால் டிக்கெட் வந்திருச்சே, அப்ப தகுதி இருக்குன்னுதானே அர்த்தம்?” என்பது அடுத்த பிதற்றல். தேர்வு எழுத விடுவது தற்காலிக அனுமதி. சல்லடை சான்றிதழ் சரிபார்ப்பில்தான் இருக்கிறது. அதற்குள் கோச்சிங் சென்டர் முழுக் கட்டணத்தையும் கறந்து, அப்பன் மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கும்போது வட்டிக்கு வாங்கிக் கட்டி, பையன் படம் போட்ட பிளக்ஸும் பஸ் ஸ்டாண்டில் ஏறியிருக்கும். நிராகரித்த கடிதத்தை மட்டும் எந்த கோச்சிங் சென்டரும் பிளக்ஸ் அடிப்பதில்லை.