இரைச்சலுக்கும் ஓர் இடம் வேண்டும்
— இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு

"இது பாட்டா? தகர டப்பாவைப் படிக்கட்டில் உருட்டி விட்டது போல் இருக்கிறது!" என்று சொல்லி இயர்போனை என்னிடமே திருப்பித் தந்துவிட்டான் என் நண்பன். குரும்பூரில் ஏறி ஆறுமுகநேரி வருவதற்குள் அவன் பொறுமை போய்விட்டது. அவன் கேட்டது மூன்று பாடல்கள். அந்த மூன்றும் ஓடி முடிய ஆறு நிமிடங்கள்கூட ஆகவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

அவனுக்கு நான் கேட்கக் கொடுத்தது, ரமோன்ஸ் என்னும் நியூயார்க் குழுவின் முதல் இசைத்தட்டு. 1976-ஆம் ஆண்டு வெளிவந்தது. பதினான்கு பாடல்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து அரைமணி நேரத்துக்கும் குறைவு. திருச்செந்தூரில் கேட்கத் தொடங்கினால் நாசரேத் வரும்போது ஏறக்குறைய முடிந்திருக்கும். மூன்றே மூன்று சுரக்கட்டுகளை மாற்றி மாற்றி மீட்டுகிறார்கள். ஆலாபனை கிடையாது, சங்கதி கிடையாது. இதைத்தான் மேலைநாட்டார் 'பங்க்' இசை என்றார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு சிறு பத்திரிகை கிடார் பிடிக்கும் விதத்தை மூன்று படங்களாக வரைந்து போட்டு, இனி நீயே ஒரு குழு தொடங்கு என்று வாசகனுக்குச் சொல்லிவிட்டது. அந்த ஒரு பக்கத்தில் இருக்கும் துணிச்சல் எனக்குப் பல பெரிய கச்சேரிகளில் கிடைக்கவில்லை. ஆசிரியப் பெருமக்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இசை இனிமையாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் விதித்தது? இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒலிபெருக்கியை அதன் அளவுக்கு மேல் முறுக்கினால், அழகாக ஏறி இறங்கும் அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டுவிடுகின்றன. அப்போது மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. கிடாரிலிருந்து வரும் அந்தக் கரகரப்புக்குக் காரணம் இதுதான். 1964-இல் இங்கிலாந்தில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் தம் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவரப் பிளேடால் கிழித்துவிட்டே அந்த ஓசையைக் கொண்டுவந்தார். குறையையே குணமாக்கிக்கொண்ட வேலை அது. நம்மூர்க் கொடை விழாவில் கட்டும் குழாய் ஒலிபெருக்கிகளும் இதைத்தான் செய்கின்றன. வேறுபாடு, அங்கே யாரும் வேண்டுமென்று செய்வதில்லை!

பங்க் என்ற தாய்க்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தது 'ஹார்ட்கோர்'. தாயைவிட வேகமும் கோபமும் அதிகம். வாஷிங்டன் நகரத்துக் கருப்பின இளைஞர்களின் 'பேட் பிரெய்ன்ஸ்' குழு இதில் முதல் வரிசையில் நிற்கிறது. அவர்களுடைய முதல் தொகுப்பு 1982-இல் வெறும் கேசட்டாக மட்டுமே வந்தது. அதே ஊரில் 1980-இல் சில பையன்கள் 'டிஸ்கார்ட்' என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இசைத்தட்டின் உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு அந்த மகிழ்ச்சி புரியும். இளையது 'ஈமோ'. 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' என்ற குழுவின் 1985-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து அதைத் தொடங்குவார்கள். கோபப்பட்டுக் கத்திக்கொண்டிருந்தவர்கள் அழவும் தொடங்கிவிட்டார்கள் என்று சொன்னால் போதும். என் ஆச்சிக்கு இதை விளக்க எனக்கு அரை நிமிடம்தான் ஆயிற்று. "ஒப்பாரின்னு சொல்லேன்" என்றாள். அதற்குமேல் நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இனி, நம்மவர்கள் கவனிக்காமல் விட்ட சில புதிய பாடல்களைப் பற்றி.

இந்தோனேசியாவில் மேற்கு ஜாவாவின் காருட் பகுதியில் 2014-இல் மூன்று பள்ளி மாணவிகள் ஒரு குழு தொடங்கினார்கள். தலையில் முக்காடிட்ட பெண்கள். கிடாரும் டிரம்மும் அவர்கள் கைக்கு வந்தது அவர்களுடைய பள்ளி ஆசிரியர் ஒருவரால். குழுவின் பெயர் 'வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்'. 'பாசெப்ரோட்' என்றால் அவர்களின் சுண்டானிய மொழியில் இரைச்சல் என்றே பொருள். ஏச்சும் மிரட்டலும் ஏராளமாக வந்தன. 2023-இல் 'ரேத்தாஸ்' என்ற முழுத் தொகுப்பை வெளியிட்டார்கள்; 2024-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் பாடினார்கள். இந்தோனேசியாவிலிருந்து அந்த மேடை ஏறிய முதல் குழு இதுதான். இலக்கணப்படி இது பங்க் அல்ல, 'மெட்டல்' என்று சண்டைக்கு வருவோர் வரட்டும். பெயர்ப்பலகையைப் பார்த்தா பாட்டுக் கேட்கிறோம்?

'லிண்டா லிண்டாஸ்' என்று இன்னொரு குழு. 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்தில் நின்று பாடிய நான்கு சிறுமிகள். வயது பத்திலிருந்து பதினாறு வரை. ஒரு பையன், சீனர்களிடமிருந்து விலகியிரு என்று தன் அப்பா சொன்னதாக அவர்களில் இளையவளிடம் வந்து சொல்லியிருக்கிறான். அந்தச் சொல்லுக்குப் பதிலாகத்தான் அந்தப் பாட்டு. புத்தக அலமாரிகளுக்கு நடுவே அந்தப் பெண் டிரம்மை அடிப்பதைப் பாருங்கள். 2022-லும் 2024-லும் இவர்களின் தொகுப்புகள் வந்துள்ளன. நம் நூலகத்தில் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

பக்கத்தில் கண்ணூரிலிருந்து 'தி டவுன் டிராடன்ஸ்' என்ற குழு 2014-இல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. தெய்யத்தின் ஆவேசம் அதில் இருக்கிறது. சுடலைமாடன் கொடையில் மகுடத்தின் உச்சமும் மந்தமும் மோதிக்கொள்ள, கணியான் கூத்தில் அண்ணாவி குரலெடுப்பதை நள்ளிரவில் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஓசை அந்நியம் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். மூன்று மைல் தள்ளி இருக்கும்போதே மகுடத்தின் அதிர்வு நெஞ்சுக்கூட்டில் விழுமே, அதைவிடவா கிடார் பெரிது?

தமிழுக்கும் பங்குக்கும் உறவு உண்டு என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று: லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2007-இல் 'கலா' என்று தம் தாயின் பெயரில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் உலகப் புகழ்பெற்ற 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடித்தளம், 'தி கிளாஷ்' என்ற பங்க் குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தது. அதே தொகுப்பின் முதல் பாட்டில் 'தளபதி' படத்துக் காட்டுக்குயிலும் வந்து கூவுகிறது! லண்டன் பங்க்கும் நம் இளையராஜாவும் ஒரே தட்டில்.

ஆனால் நான் உண்மையில் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி.

2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது பேர் ஒரே மாதிரி உடையணிந்து மேடையேறினார்கள். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது குழுவின் பெயர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. சாதியில்லாத தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. மின்கிடார் ஒருபுறம், பறையும் சட்டியும் மறுபுறம், நடுவில் கானாவும் ராப்பும். பாடகி இசைவாணியை 2020-இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. 2018-இல் பாடிய ஒரு பாட்டுக்காக 2024-இல் அவருக்கு மிரட்டல்கள் வந்து, அவர் காவல்துறைக்குப் போக வேண்டியிருந்தது. ஆறு ஆண்டு கழித்தும் ஒரு பாட்டு சுடுகிறது என்றால் அது வெறும் பொழுதுபோக்கு அன்று.

அதே குழுவின் அறிவும் இசையமைப்பாளர் ஓஃப்ரோவும் 2019-இல் 'தெருக்குறள்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 2021-இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' நம் விடுதியில் அனைவருக்கும் மனப்பாடம்; 'தெருக்குறள்' கேட்டவர்கள் என் வகுப்பில் இருவர்தாம். அதில் 'ஸ்னோலின்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரை நான் விளக்க வேண்டியதில்லை. 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டின்போது நான் பள்ளி விடுமுறையில் இருந்தேன். பதின்மூன்று உயிர்கள் போயின. நம் கடலும் நம் காற்றும் சம்பந்தப்பட்ட செய்தி அது. அதைப் பாட அரக்கோணத்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

இந்தக் குழுவின் 'கோட்டா' என்ற பாட்டு, இட ஒதுக்கீட்டைப் பற்றியது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்ன 'கோட்டா'வில் வந்தாய் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. கேட்காமல் கண்ணால் பார்த்தவர்கள் அதைவிட அதிகம். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை. அந்தப் பாட்டை முதல்முறை கேட்டபோது ரயில் தாதன்குளத்தில் நின்றிருந்தது. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டு, பாளையங்கோட்டையில் இறங்க வேண்டியவன் திருநெல்வேலி போய் இறங்கினேன்.

என் தாத்தா தப்பு அடித்தவர். சாவுக்கும் கொடைக்கும் கூப்பிட்டால் போக வேண்டும். போகாமல் இருக்க முடியாது. என் அப்பா அதைத் தொடமாட்டேன் என்று ஆறுமுகநேரி உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். மேல்நிலைப் பள்ளியில் படிக்கையில் ஆண்டுவிழாவுக்குத் தப்பாட்டம் ஆடலாம் என்று நாங்கள் ஐந்து பேர் போய்க் கேட்டோம். "சாவு மேளமா? மங்கலமான இடத்தில் வேண்டாம்" என்றார்கள். ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினோம். அதில் இடையில் வந்தது தப்பு ஓசைதான்! ஒலிநாடாவில் வந்தால் மங்கலம், ஆள் கையில் வந்தால் அமங்கலம். இந்தக் கணக்கு எனக்கு இன்றும் விளங்கவில்லை.

'பரியேறும் பெருமாள்' 2018-இல் நம் நெல்லைச் சீமையில் எடுத்த படம். கல்லூரிக்குத் தந்தையை அழைத்து வரச் சொன்னதும், வேறொருவரைத் தந்தையென்று கூட்டிப் போகிறான் அந்த மாணவன். உண்மைத் தந்தை பெண்வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞர். அந்த வேடத்தில் நடித்த தங்கராசு அவர்கள் வாழ்விலும் கூத்துக் கலைஞரே, 2023-இல் காலமானார். திரையரங்கில் எல்லாரும் அந்தத் தந்தைக்காக அழுதார்கள். நான் அந்த மகனுக்காக அழுதேன். பள்ளிப் படிவமொன்றில் தாத்தாவின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதியவன் நான்.

ஆகவே என் கோரிக்கை எளியது. கல்லூரி நாள் விழாவில் சினிமாப் பாட்டுக்கு உதடசைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அரைமணி நேரம் எங்களுக்குத் தாருங்கள். கிடார் இரவல் வாங்க முடியும். தப்பு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பாட்டு நாங்களே எழுதுவோம். நன்றாக இல்லாமல் போகலாம். ரமோன்ஸ் அளவுக்கு மூன்று சுரக்கட்டுகள் கற்க ஒரு பருவம் போதும். நுண்கலை மன்றத்தார் இதைப் படிப்பார்களாக.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். எந்த ஓசையிலிருந்து தப்பிக்க என் அப்பா உப்பில் கால் வெந்தாரோ, அதே ஓசையை நான் கல்லூரி மேடைக்குக் கொண்டுபோவது சரியா? மேடையில் அடிப்பவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தாத்தாவைக் கட்டாயப்படுத்தினார்கள், அதுதான் வேறுபாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவிடம் இதைச் சொல்லத் துணிவில்லை. போன ஞாயிறன்று 'கோட்டா' பாட்டைக் கைப்பேசியில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். பீடியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"ஏல, இவங்களுக்குத் தப்பு யாரு காய்ச்சிக் குடுக்கா?"

"இப்ப பிளாஸ்டிக் தோலுப்பா. காய்ச்ச வேண்டாம்."

"அதான் சத்தம் சப்புனு இருக்கு" என்றார். பிறகு எழுந்துபோய்ப் பரணைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். வைக்கோல் தீ போதும், விறகுத் தீ வைத்தால் தோல் கிழிந்துவிடும் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.